வீட்டிலிருந்தே விமானம் அனுப்பியவன்

இனிமேல் சென்னைக்குத் திரும்பிப் போவதில்லை என்று லீவில் சொந்த ஊருக்கு வந்திருந்த எபனேசர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தீர்மானம் போட்டான். முன்மொழிந்தவன் அவன். வழிமொழிந்தவனும் அவன். எதிர்த்து ஓட்டுப் போடக்கூடிய ஒரே ஆள் அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்ததால் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

எபனேசருக்கு நாற்பத்தெட்டு வயது. விமானக் கம்பெனியில் டிஸ்பாச்சர். ராஜபாளையத்தில் இந்த வேலையை விளக்குவது பெரும்பாடு. இங்கே நூல் மில்லுக்கு மில் டெஸ்பாட்ச் என்று ஒரு செக்‌ஷன் உண்டு. மூட்டைகளை எண்ணி லாரியில் ஏற்றுவார்கள். எபனேசரும் ஏதோ ஏர்போர்ட்டில் மூட்டை ஏற்றுகிறான் என்றே தெரு நம்பியது. ஊருக்கு வரும்போதெல்லாம் அவன் இடுப்பை அக்கறையாக விசாரித்தது.

அவன் ஒரு மூட்டையையும் தொட்டதில்லை. போகிற வழியில் எங்கே மேகம், எவ்வளவு எரிபொருள் நிரப்புவது, இறங்க வேண்டிய ஊரில் இறங்க முடியாவிட்டால் எந்த ஊருக்குத் திருப்புவது என்று திட்டம் எழுதுவது அவன் வேலை. அவன் கையெழுத்தும் கேப்டன் கையெழுத்தும் விழாமல் விமானம் ஓர் அங்குலம் நகராது. ஷார்ஜாவில் பதினோரு வருஷம், சென்னையில் பதினோரு வருஷம். ஆனால் தன் நாற்காலியில் உட்கார்ந்தபடி அவன் ஒரு விமானத்தைக்கூடக் கண்ணால் கண்டதில்லை. ஜன்னல் இல்லாத அறை. ஆறு திரை.

இதையே அவன் துருப்புச் சீட்டாக இறக்கினான். கண்ணால் பார்க்காத விமானத்தைச் சென்னையிலிருந்து பார்க்காமல் இருந்தால் என்ன, ராஜபாளையத்திலிருந்து பார்க்காமல் இருந்தால் என்ன? மூன்று பக்கம், பழுதில்லாத ஆங்கிலத்தில் கம்பெனிக்கு எழுதினான்.

கம்பெனி லேசில் மசியவில்லை. இங்கே ஒருவர் தப்பு செய்தால் பக்கத்து நாற்காலிக்காரர் பிடித்துவிடுவார், அங்கே யார் பிடிப்பது? கரண்ட் போனால்? நெட் போனால்? குடும்பம் குறுக்கே வந்தால்? லீவை நீட்டி நீட்டி நாலு மாதம் கடிதப் போர் நடத்தினான். கடைசியில் ஒரு நாள் சோதனைக்கு ஒப்புக்கொண்டார்கள். மெய்யான விமானங்களை வழக்கம்போலச் சென்னையில் அனுப்புவார்கள். அதே விமானங்களுக்கு எபனேசர் வீட்டிலிருந்து தனியாகத் திட்டம் எழுத வேண்டும். பக்கத்தில் ஓர் அதிகாரி உட்கார்ந்து வேவு பார்ப்பார். தேறினால் வீடு. தோற்றால் மறுபடி சென்னை, வேளச்சேரி அறை, குறட்டைவிடும் அறைத்தோழர்.

செய்தி வந்த அன்றைக்கு மதியச் சாப்பாட்டில் அவன் மனைவி ஜெபா பேச்சை எடுத்தாள்.

“ஏங்க, பாண்டீஸ்வரி திரும்பவும் கேட்டா.”

பாண்டீஸ்வரி ஜெபாவோடு படித்தவள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண்களுக்கு மட்டும் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறாள். ஜெபா காரை எடுத்தால் தண்ணீர் டம்ளர் தளும்பாது. அந்த வீட்டில் கார் ஓட்டத் தெரிந்த ஒரே ஆளும் அவள்தான். வானத்துக்கே வழி சொல்கிறவனுக்குத் தரையில் ரெண்டாவது கியர் விழாது.

“என்னவாம்?”

“கத்துக்குடுக்க வாரியான்னு. எட்டு மணில இருந்து நாலு மணி வரைக்கும். அதுக்கு வேண்டிய லைசன்ஸ்கூட வாங்கி வச்சிருக்கேன்.”

“நீ போயிட்டா வீட்டை யாரு பாக்கது?”

“நீங்கதான் வீட்லயே இருக்கப் போறீகளே.”

“நான் வேலையல்லவா பாப்பேன்! வீடுன்னா என்னன்னு நெனச்ச? அந்த இடத்துல ஆளு நின்னு, கண்ணால பாத்து, காதால கேட்டு நடத்தணும். தூரத்துல இருந்து நடத்துற சமாச்சாரமா இது?”

ஜெபா மீன் முள்ளைத் தட்டு ஓரத்தில் வைத்தாள். “விமானத்தை மட்டும் தூரத்துல இருந்து நடத்தலாமோ?”

“அது வேற.”

“எப்படி வேற?”

“அது... அறிவியல்.”

ஜெபா அறிவியலிடம் தோற்றவள்போல ரசம் ஊற்றினாள்.

சோதனைக்குத் தேதி சொல்லும்படி கம்பெனி கேட்டபோது எபனேசர் அவளிடமே போய் நின்றான்.

“ஏட்டி ஜெபா, வாரவாரம் நம்ம வீடு எந்தக் கிழமை அமைதியா இருக்கும்?”

அவள் காலண்டரைப் பார்த்தாள். பேப்பரைப் பார்த்தாள். விரல்விட்டு எண்ணினாள். “வர்ற செவ்வாக்கிழமை வரச் சொல்லுங்க. அதான் தோது.”

“நல்லது. அன்னைக்கு ஒரு நாள் நீயும் வீட்ல இல்லாம இருந்தீன்னா...”

“நான் என்ன செஞ்சேன்?”

“செய்ய வேண்டாம், பேசினாலே போதும். நீ பேசினா எதிராளிக்குப் போனே தேவையில்ல.”

“சரி, நான் ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருதேன்.”

முகம் சுளிக்காமல் சொன்னாள். மறுபேச்சே இல்லை. இருபத்திரண்டு வருஷம் வானிலை படித்தவன், இவ்வளவு தெளிவான வானத்தைச் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அவனோ ஜெயித்ததாக நினைத்துக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை காலை பொதிகை எக்ஸ்பிரஸில் வந்து இறங்கினார் பிரேம்குமார். ஒல்லியான அதிகாரி. சிரிப்பதற்குத் தனியாக அனுமதி வாங்க வேண்டும் என்பதுபோல் முகம். மடியில் நோட்டு.

ஜெபா கார் சாவியோடு வாசலில் நின்றாள். “ஒரு நாலு விஷயம் சொல்லிட்டுப் போயிருதேன்...”

“ஏட்டி, ஒரு நாளைக்கு நாப்பது விமானத்துக்கு வழி சொல்றவன் நான். எனக்கு நீ சொல்லணுமா? கெளம்பு.”

கிளம்பினாள்.

சரியாக ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. மூலையில் இருந்த இன்வெர்ட்டர் குட்டியைப் பறிகொடுத்த ஆடுபோல் கத்தியது. பிரேம்குமார் பேனாவைத் திறந்தார். எபனேசர் போனை எடுத்தான்.

“ஜெபா! கரண்ட் போச்சு, இன்வெர்ட்டர் கத்துது!”

“கத்தத்தான செய்யும்? ஃபிரிட்ஜும் அதுலதான ஓடுது. அடுப்படிக் கதவுக்குப் பின்னால, மேல இருந்து மூணாவது சுவிட்சு. அமத்துங்க. ஏ, நீ எதுக்கு அமத்துற, பிரேக்குல இருந்து காலை எடு! உங்களைச் சொல்லல.”

எபனேசர் ஓடினான். அமர்த்தினான். வீடு அடங்கியது.

“கரண்ட் எப்ப வரும்?”

“சாயங்காலம் அஞ்சுக்கு. ஒரு ஃபேன் மட்டும் போட்டா அதுவரைக்கும் தாங்கும். அந்த சாருக்குப் போட்டுவிடுங்க, நீங்க வேர்த்துக்கிடுங்க.”

பிரேம்குமார் எழுதினார். எபனேசர் வேர்த்தான்.

பத்தரைக்கு அவளே அழைத்தாள். “இன்னும் அஞ்சு நிமிஷத்துல முனிசிபாலிட்டித் தண்ணி வரும். ஆறு நாளைக்கு ஒருக்கதான் வரும். வாசல்ல பச்சை வால்வை இடது பக்கம் திருப்புங்க. நாப்பது நிமிஷம் கழிச்சு மூடுங்க. இண்டிகேட்டர் போடு. உங்களை இல்ல.”

அஞ்சாவது நிமிஷம் குழாய் இருமியது. தண்ணீர் வந்தது. பிரேம்குமார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார்.

பன்னிரண்டுக்கு அதிகாரிக்கு டீ போடப் போனான் எபனேசர். அடுப்பு ஒரு தடவை நீலமாகச் சிமிட்டிவிட்டு அணைந்தது. கேஸ் தீர்ந்துவிட்டது.

“அதுவா, நாளைக்குத்தான் சிலிண்டர் வரும்” என்றாள் ஜெபா. “ஒன்றரைக்குப் பக்கத்து வீட்டு கிருபாபாய் அக்கா சாப்பாடு கொண்டு வருவாக. அவுகளுக்கு முடியலன்னா முக்கு மெஸ்ல ரெண்டு சாப்பாடு எடுத்து வைக்கச் சொல்லியிருக்கேன்.”

பிரேம்குமாரின் பேனா நின்றது. “போய்ச்சேர முடியலன்னா ஒரு மாற்று. அதுவும் முடியலன்னா இன்னொரு மாற்று. சார், இது நம்ம விதிப்புத்தகத்துல இருக்கறது. மேடத்துக்கு நீங்க சொல்லிக் கொடுத்தீங்களா?”

“ஒரு மாதிரி...” என்றான் எபனேசர்.

கிருபாபாய் அக்கா நேரத்துக்குத் தூக்குவாளியோடு வந்தாள். “சாப்பிடுங்க தம்பி. இடுப்பு தேவலையா? இன்னைக்குக் கரண்டும் இருக்காது, தண்ணி வேற வரும், சிலிண்டரும் தீந்துரும், இவிய தனியா என்ன பாடுபடப் போறாகளோன்னு ஜெபா போன வாரமே சொன்னா. பராமரிப்பு மின்தடைன்னு பேப்பர்லயே போட்டிருந்தானே, பாக்கலையா?”

எபனேசர் வாயில் வைத்த சோறு அங்கேயே நின்றது. அதை மென்று யோசிப்பதற்குள் போன் அடித்தது.

“ஏங்க, மலைல மேகம் எறங்கிட்டு. இருபது நிமிஷத்துல அங்க மழை. மாடில மொளகா காயுது, அள்ளிருங்க.”

எபனேசர் மூன்று திரைகளைப் பார்த்தான். மூன்றும் துடைத்துவைத்த மாதிரி இருந்தன. இந்தத் துறையிலாவது விட்டுக்கொடுக்கக் கூடாது என்று நிமிர்ந்து உட்கார்ந்தான். “மழையெல்லாம் கெடையாது. சாட்டிலைட்டே சொல்லுது.”

“மொளகா சாட்டிலைட்டுதா, நம்முதா?”

பதினெட்டாவது நிமிஷம் மாடியில் சடசடவென்று விழுந்தது. எபனேசர் சாக்கோடு ஓடினான். பின்னால் பிரேம்குமாரும் ஓடினார். அரை மூட்டை மிளகாயை அள்ளிக்கொண்டு, நெடியில் தும்மிக்கொண்டு இறங்கும்போது அந்த அதிகாரி முதல்முறையாகச் சிரித்தார்.

எபனேசருக்கு அப்போதுதான் பொறி தட்டியது. போனை எடுத்தான். “ஜெபா, மேகம் எந்தப் பக்கம் நகருது?”

“தெக்கயும் கெழக்கயும். வேகமாப் போகுது.”

தென்கிழக்கே தூத்துக்குடி. சாயங்காலம் அங்கே ஒரு விமானம் இறங்க வேண்டும். எபனேசர் தன் திட்டத்தில் இருபத்தஞ்சு நிமிஷம் வட்டமடிக்கக் கூடுதல் எரிபொருள் எழுதிக் கையெழுத்துப் போட்டான். சென்னையில் போடவில்லை.

தூத்துக்குடியில் கொட்டித் தீர்த்தது. சென்னைக்காரர்கள் அனுப்பிய விமானம் காத்திருக்க எரிபொருள் போதாமல் மதுரைக்குத் திரும்பி அங்கே பத்திரமாக இறங்கியது. இருபது நிமிஷத்தில் தூத்துக்குடி வெளுத்துவிட்டது. எபனேசரின் திட்டப்படி வந்திருந்தால், ரெண்டு சுற்றுச் சுற்றிவிட்டு அங்கேயே இறங்கியிருக்கும்.

பிரேம்குமார் எழுந்து நின்று கை கொடுத்தார். “சார், வீட்டிலிருந்து இந்த வேலையைச் செய்ய முடியுமாங்கற கேள்வி இன்னைக்கோட முடிஞ்சுபோச்சு.”

எபனேசருக்கு நெஞ்சு ரெண்டங்குலம் விரிந்தது. அந்த நேரம் பார்த்து ஜெபா வந்து சேர்ந்தாள். உட்காரப் போன பிரேம்குமார் அவளுக்கும் எழுந்து நின்றார்.

“மேடம், காலையில இருந்து எங்க இருந்து பேசினீங்க?”

“கார்ல இருந்துதான் சார். பக்கத்துல உக்காந்து ஆறு பேருக்குக் கத்துக்குடுத்தேன். பாண்டீஸ்வரி ஒரு நாள் வந்து வெள்ளோட்டம் பாருன்னா. பாத்தேன். நாளையில இருந்தே வரச் சொல்றா. வீட்டுக்காரர்தான் வீட்டைத் தூரத்துல இருந்து நடத்த முடியாதுன்னு சொல்றாக.”

பிரேம்குமார் எபனேசரைப் பார்த்தார். எபனேசர் இன்வெர்ட்டரைப் பார்த்தான். பிரேம்குமார் நோட்டைத் திறந்து இன்னும் ஒரு பக்கம் எழுதினார்.

பத்தாம் நாள் உத்தரவு வந்தது. எபனேசர் அதைக் கூடத்தில் நின்று தெருவுக்கே கேட்கும்படி வாசித்தான். அனுமதி! இந்திய வானத்தின் ஒரு துண்டு இனி ராஜபாளையத்திலிருந்து நடக்கும். தூத்துக்குடி விஷயத்துக்குத் தனியே பாராட்டு. கிருபாபாய் அக்காவுக்கு அல்வா போனது. தெரு முதல்முறையாக அவன் இடுப்பை விசாரிக்காமல் கை குலுக்கியது. ஆண்ட பரம்பரைபோல் சாய்வு நாற்காலியில் சாய்ந்தான்.

“அடுத்த பக்கமும் இருக்கு போலயே” என்றாள் ஜெபா.

“அது சும்மா, நிபந்தனைகள்.”

“வாசிங்க.”

வாசித்தான். முதல் வரிக்குத் தெருவுக்குக் கேட்ட குரல், ரெண்டாம் வரிக்குக் கூடத்துக்கு மட்டும் கேட்டது.

விமானத் துறையில் எந்த அமைப்பில் சோதித்தார்களோ அந்த அமைப்புக்கு மட்டுமே அனுமதி. ஒரு திருகாணியை மாற்றினாலும் மறுபடி முதலிலிருந்து சோதனை. ஆகவே, பணி நேரத்தில் வீட்டில் பணியாளரைத் தவிரக் குடும்பத்தினர் எவரும் இருத்தல் ஆகாது. வீட்டு நிர்வாகம், சோதனையன்று ஐயமின்றி நிரூபணமானபடி, திருமதி ஜெபா அவர்களால் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நடத்தப்பட வேண்டும். இதில் மாற்றம் நேர்ந்தால் பணியாளர் சென்னை அலுவலகத்துக்குத் திரும்ப வேண்டும். கீழே இருவரும் கையெழுத்திடுக.

“ரெண்டு கையெழுத்து இல்லாம எதுவும் நகராதுன்னு நீங்கதான சொல்வீக” என்றபடி ஜெபா முதலில் போட்டாள். பேனா அவள் கையில் ஏற்கெனவே இருந்தது.

எபனேசருக்கு வேளச்சேரிக் குறட்டை காதில் கேட்டது. அவனும் போட்டான்.

திங்கட்கிழமை காலை ஏழேகால். ஜெபா காரில் ஏறி பெல்ட் போட்டாள். எபனேசர் கையில் பாதி துருவிய தேங்காயோடு ஜன்னலண்டை குனிந்தான்.

“ஜெபா, இன்னைக்கு ஒரு நாள் மட்டும் லீவு போடேன். குழம்புக்கு முதல்ல புளியா, தேங்காயான்னே தெரியல.”

“லீவா?” ஜெபா கண்ணாடியைச் சரிசெய்தாள். கியரைப் போட்டாள். “நான் வீட்ல இருந்தா உங்க வேலை போயிருமேங்க!”