ஒரு வசனத்தில் முடிகிற படம்

மனித குல வரலாற்றிலேயே மிகப் பெரிய முட்டாள்கள், 1930-களின் ஹொலிவூட்டில் ஒரே வீடு, ஒரே சோபா, ஒரே வாரம் என்று எடுத்துத் தள்ளிய மலிவு மர்ம நகைச்சுவைப் படங்களின் நாயகர்கள்தான். இதை, சுவிஸின் எம்மன்புரூக்கே நகரத்தில் இருக்கும் கோபிசன் தன் ஆய்வேட்டில் எண்பத்திரண்டு பக்கங்களில் அடிக்குறிப்புகளோடு நிரூபித்திருந்தான். 'அம்மணி, நான் கொலைகாரன் இல்லை, குழாய் திருத்த வந்தவன்' என்று ஒரே ஒரு வசனம் சொன்னால் படம் பத்தாவது நிமிடத்தில் முடிந்துவிடும். சொல்லமாட்டான். அலுமாரிக்குள் ஒளிவான், ஜன்னலால் குதிப்பான்.

மிச்சம் இருந்தது முடிவுரை மட்டும். மாலை ஐந்து மணிக்குள் பல்கலைக்கழக இணையத்தளத்தில் ஏற்ற வேண்டும். ஏற்கெனவே இரண்டு தடவை தவணை வாங்கியாயிற்று. இன்று தவறினால் ஒரு வருடம் போய்விடும்.

நான்கு மணிக்கு அழைப்பு மணி அடித்தது.

கதவுத் துளையால் பார்த்தான். தில்லைநாதன் மாமாவும் இராஜேஸ்வரி மாமியும். மாமாவின் பைக்குள்ளிருந்து டிவிடி பெட்டிகள் எட்டிப் பார்த்தன. அவர்களுடைய மகள் பெரியவளானதற்குச் செய்த சாமத்தியவீட்டு வீடியோ! மொத்தம் நான்கு டிவிடி. மாமா பக்கத்தில் இருந்து ஒவ்வொரு முகத்துக்கும் விளக்கம் சொல்லுவார். லுசேர்ண் வட்டாரமே பார்த்து மீண்ட படம்.

'மாமா, இண்டைக்கு நேரமில்லை' என்று சொல்லலாம்தான். ஆனால் வீடு தேடி வந்தவர்களிடம் அப்படிச் சொன்ன தமிழன் யார்? கோபிசன் நுனிக்காலில் பின்வாங்கினான்.

பின்வாங்கியவனின் முழங்கை மடிக்கணினியில் பட்டது. ஆய்வுக்காக நிறுத்தி வைத்திருந்த படம் ஓடத் தொடங்கியது. ஒரு பெண் வீரிட்டாள்.

"இஞ்சேருங்கோ, உள்ளுக்கை ஒரு பொம்பிளை கத்துறாள்!"

"தாய் வேலைக்கெல்லோ போயிட்டா?"

"அதுதான் கேக்கிறன், இவள் ஆர்?"

சத்தத்தைக் குறைக்கப் பாய்ந்தவன் பதற்றத்தில் கூட்டிவிட்டான். மூன்று வேட்டுகள். அதன்பிறகு பெண்ணின் குரல் இல்லை. கோபிசன் மடிக்கணினியை அறைந்து மூடினான்.

"ஆளை முடிச்சுப்போட்டான்," என்றாள் மாமி.

"அமைதியான பொடியன் எண்டெல்லோ நினைச்சனான்."

"அமைதியான ஆக்கள்தான் செய்யிறவை."

இனிக் கதவைத் திறந்து என்ன சொன்னாலும் எடுபடாது. வெளியிலிருந்து வருகிறவன் போல வந்தால்? நல்லவேளை, கீழ்மாடி. பல்கனியால் குதித்து, கட்டடத்தைச் சுற்றி ஓடி வாசலுக்கு வந்தான்.

"மாமா! எப்ப வந்தனீங்கள்? நான் இப்பதான் கடையாலை வாறன்."

மாமி அவனை உச்சியிலிருந்து பாதம் வரை பார்த்தாள்.

"சப்பாத்து எங்கை தம்பி?"

காலுறையில் புல் ஒட்டியிருந்தது. "கடையிலை... கழட்டச் சொன்னவங்கள்."

"கடையிலையோ?"

"தமிழ்க் கடை மாமி."

"சரி, கதவைத் திற."

திறப்புக் கொத்து பூட்டிய வீட்டுக்குள்ளே கிடந்தது.

அதற்குள், பல்கனியால் ஆள் குதித்ததைக் கண்ட மேல்வீட்டுச் சுவிஸ் கிழவி பொலிசுக்குத் தொலைபேசி அடித்திருந்தாள். இரண்டு பொலிசார் வந்தார்கள். பெண் கத்தியதையும் மூன்று வேட்டுகளையும் மாமி ஒன்றுவிடாமல் சொன்னாள். அதே பல்கனியால் ஏறிக் கதவைத் திறந்து, அலுமாரிகளுக்குள் பிணம் தேடினார்கள். கோபிசன் படத்தைப் போட்டு மூன்று வேட்டுகளையும் கேட்கச் செய்தான். ஒருவர் எழுதிக்கொண்டார். மற்றவர், படம் நல்லதா என்று கேட்டார்.

"சரியான முட்டாள் படம்," என்றான் கோபிசன்.

அவர்கள் போகும்போது நான்கு நாற்பத்து மூன்று. மாமா பையைக் கை மாற்றிப் பிடித்தார்.

"அப்ப... தம்பிக்கு வேலை ஏதும் இருக்குமோ?"

பதினேழு நிமிடம். முடிவுரைக்குப் போதும்.

"சீச்சீ, எனக்கென்ன வேலை? வந்து இருங்கோ மாமா, தேத்தண்ணி போடுறன்."

குசினியில் கேத்தில் இரையத் தொடங்கியபோது, மாமியின் கிசுகிசுப்பு அங்கு வரை கேட்டது.

"உங்களுக்கு வாயில்லையோ? பாருங்கோ பாருங்கோ எண்டு அவன் எங்கடை தலையிலை கட்டின கறுப்பு வெள்ளைப் படங்களை வாசலிலை திருப்பிக் குடுத்திட்டு ஓடுவம் எண்டுதானே வந்தனாங்கள்? இனி ஒவ்வொண்டாப் போட்டு விளக்கம் சொல்லப் போறான்!"

"வா எண்டு கூப்பிடுற பிள்ளையிட்டை நேரமில்லை எண்டு எப்பிடியப்பா சொல்லுறது?"

கோபிசன் மணிக்கூட்டைப் பார்த்தான். ஐந்துக்குப் பத்து. வாயைத் திறந்தான்.

"மாமி, சீனி எத்தனை கரண்டி?"