முதல் தோழரின் கால் அளவு

"படி உயரமா இருக்கு" என்று சொல்லிவிட்டு, நாட்டின் தலைவரான முதல் தோழர் மேலே ஏறிப் போய்விட்டார். கட்டடக் கலைஞன் ஒக்தாவியன் அந்த மூன்று சொல்லையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான்.

ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் எழும்பிக்கொண்டிருந்த புது அரசு மாளிகையில் அவன் பொறுப்பு ஒரே ஒரு படிக்கட்டு. பெரிய கூடத்தின் நடுவே, முழுக்கப் பளிங்கு. அவனுக்கு முன்னால் அந்தப் பொறுப்பில் இருந்தவர் முதல் தோழரிடம், "ஏன் தோழரே?" என்று ஒரு கேள்வி கேட்டார். இப்போது எங்கோ ஒரு வயல்காட்டில் பன்றிக் கொட்டகைகளுக்கு வரைபடம் போடுகிறார்.

ஆகவே ஒக்தாவியன் கேட்கவில்லை. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மாதக் கடைசியில் முதல் தோழர் பார்வையிட வரும்போது எல்லாரும் தரையைப் பார்த்தபடி நிற்பதுதான் வழக்கம். அவனைப் பொறுத்தவரை முதல் தோழர் என்பவர் ஒரு ஜோடி கறுப்பு ஷூ.

"உடைச்சிடலாமா தோழர்?" என்றான் உதவியாளன் லிவியு.

"உடை."

படியின் உயரத்தைக் குறைத்தார்கள். படிக்கட்டு மேல்தளத்தை எட்டவில்லை. இன்னும் சில படிகள் சேர்த்தார்கள். அது கூடத்துக்குள் நீண்டு ஒரு தூணில் முட்டியது. தூணை நகர்த்தினார்கள். இப்போது சரவிளக்கு கோணலாகத் தொங்குவதுபோல் தெரிந்தது. விளக்கையும் நகர்த்தினார்கள்.

அடுத்த மாதம் கறுப்பு ஷூ மூன்றாம் படியில் நின்றது.

"இதென்ன, சின்னப் பிள்ளைங்க பள்ளிக்கூடமா?"

"ஆமாம் தோழரே!" என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

மறுபடி உடைத்தார்கள். படி உயர்ந்தது. தூணும் விளக்கும் பழைய இடத்துக்குத் திரும்பின. அடுத்த மாதம், "படி உயரமா இருக்கு."

ஒக்தாவியனுக்குப் பயத்தையும் மீறி ஒரு குறுகுறுப்பு வந்தது. மாதாமாதம் ஒரு மனிதரின் கால் எப்படி மாறும்? சீரமைத்த படியில் மெல்லியதாகச் சுண்ணாம்புத் தூளைத் தூவி வைத்தான். அடுத்தடுத்த இரண்டு வருகைகளின் காலடித் தடங்களையும் அளந்து பார்த்தான். ஒன்று மற்றதைவிடக் கட்டைவிரல் அகலம் நீளம்!

"குளிருக்கு ரெண்டு காலுறை போட்டிருப்பாரு. நானே அப்படித்தான் போட்டிருக்கேன்" என்றான் லிவியு.

"உன் வீட்டுலதான்டா கணப்பு எரியல. அவரு வீட்டுல எரியுது."

"அப்போ வளர்றாரு."

சிரிக்க வேண்டிய பேச்சுதான். ஆனால் நாளிதழில் தினமும் அதைத்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அன்று சிக்கரி காப்பியைக் குடித்துக்கொண்டே ஒக்தாவியன் ஒரு முடிவுக்கு வந்தான். இடது பக்கம் தாழ்ந்த படிகள், வலது பக்கம் உயர்ந்த படிகள், நடுவே கைப்பிடிச் சுவர். எந்தக் கால் வந்தாலும் ஏறட்டும்.

"அகலம் பத்தாதே தோழர்" என்றான் லிவியு.

"ஓரத்துல லிஃப்டுக்கு விட்ட குழி இருக்கே? கான்கிரீட் ஊத்தி மூடு. இவ்வளவு பளிங்கு இருக்கும்போது லிஃப்டுல எவன் போவான்?"

மூடினார்கள். அந்த மாதக் கடைசியில் சின்ன ஷூ இடது பக்கமாக ஏறியது. ஒரு பேச்சில்லை. அடுத்த மாதம் பெரிய ஷூ வலது பக்கமாக ஏறியது. அப்போதும் பேச்சில்லை. ஒக்தாவியனுக்கு அழுகையே வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே வாசலுக்கு வந்தான். அங்கே விருந்தாளிகளின் மேல்கோட்டுகளை வாங்கி மாட்டும் அனேத்தா உட்கார்ந்திருந்தாள்.

"படிக்கட்டு பிடிச்சுப்போச்சு அனேத்தா! பன்றிக் கொட்டகையிலேருந்து தப்பிச்சேன்!"

"அந்த ரெண்டு பேருக்கும் பிடிச்சா ஆச்சா?"

"எந்த ரெண்டு பேரு?"

அவள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "மாசத்துக்கு ஒருத்தரா மாத்தி மாத்தி அனுப்புறாங்களே. முகம் அச்சு அசல் அவரு முகம்தான். ஆனா கோட்டு வாங்குறவ நானாச்சே? ரெண்டு பேரு பையிலயும் டிராம் டிக்கெட்டு கெடந்துச்சு."

ஒக்தாவியன் அவள் எதிரில் இருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

"அப்போ... முதல் தோழர்?"

"நாளைக்குத்தான் முதல் தடவையா வர்றாராம்" என்றாள் அனேத்தா. "முட்டி வலியாம், லிஃப்ட் எந்தப் பக்கம்னு கேட்டு இப்பதான் போன் வந்துச்சு."