சுவரில் விழுந்த ஏழு அடி

தையல்நாயகிக்குத் தெரியாமல் சினிமாவுக்குப் போவது என்று தீர்மானித்தேன். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் நான் எடுத்த முதல் தீர்மானம். "முகூர்த்தச் சேலை தறியைவிட்டு இறங்குகிறவரை சினிமாப் பேச்சே கூடாது" என்று அவளுக்குச் சட்டம் போட்டவனும் நானே. அவளும் இரண்டு தரம் கேட்டுப் பார்த்து அடங்கிவிட்டாள். வியாழனோடு படம் ஊரைவிட்டுப் போகிறது.

பக்கத்து வீட்டுக் கந்தன் என் கட்சி. அவன் தறிக்கும் என் தறிக்கும் நடுவில் ஒரே சுவர். ராணுவத்தார் எண்களில் ரகசியம் பேசுவார்கள் என்று பேப்பரில் படித்திருந்தேன். போதாதா? குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடாவை ஓட்டாமல் தறிப் பலகையை மட்டும் அடிக்க வேண்டியது. டீக்கடைக்கு ஒன்று, பாலாற்றங்கரைச் சீட்டாட்டத்துக்கு இரண்டு, சினிமாவுக்கு மூன்று. யாரும் கண்டுபிடிக்காமலிருக்கக் கிழமையையும் கூட்டிக்கொள்ள வேண்டும். ஞாயிறு ஒன்று, திங்கள் இரண்டு, இப்படியே சனி ஏழு.

"இதை உடைக்க டில்லியிலேருந்து ஆள் வரணும்பா."

"எனக்கே புரியலியே" என்றான் கந்தன்.

அதுதான் ரகசியத்துக்கு அழகு என்று தேற்றினேன்.

டீக்கடைக்கும் ஆற்றங்கரைக்குமாக ஏற்கெனவே மூன்று வாரம் இது ஜோராக நடந்திருந்தது. பக்கத்தில் நாடாவுக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருந்த தையல்நாயகி ஒரு தரம் கேட்டாள்.

"இன்னாங்க, நாடா ஓடாம பலகை மட்டும் ஆடுது?"

"சோதிக்கிறேன்."

"சோதிங்க."

வியாழக்கிழமை. குளித்துவிட்டு வந்து தறியில் உட்கார்ந்தேன். சுவருக்கு அப்பால் அடி விழுந்தது. சினிமாவுக்கு எட்டு வர வேண்டும். ஏழோடு நின்றுவிட்டது. வியாழனுக்கு ஐந்து போனால் மிச்சம் இரண்டு. பாலாறு! திட்டம் மாறிவிட்டதாக்கும். கணக்கு வகுத்தவனே மீறலாமா? "ஜரிகை வாங்கியாரேன்" என்று புளுகிவிட்டு, பாலாற்றங்கரை ஓரிக்கை வரை வெயிலில் நடந்தேன். கந்தன் அங்கே வியர்த்து வழிந்துகொண்டிருந்தான்.

"இன்னாபா, சினிமாவை வுட்டுட்டு இங்க கூப்ட்டே?" என்றான்.

"நானா? நீதானே ஏழு அடிச்சே?"

"நான் அடிக்கவே இல்லியே. நீதான் அடிச்சே."

ஓட்டமும் நடையுமாகத் திரும்பினோம். இரண்டு வீடும் பூட்டிக் கிடந்தன. ஆறு மணிக்குத் தையல்நாயகியும் கந்தன் பெண்டாட்டி அம்சவேணியும் தலை நிறையப் பூவோடு, அழுது சிவந்த கண்ணோடு வந்தார்கள். படத்தின் முடிவு சோகமாம்.

"யாரு அடிச்சது?" என்றேன்.

"நீங்க குளிக்கப் போனப்போ நம்ம தறியில நான். கந்தண்ணன் சாப்பிடப் போனப்போ அவுங்க தறியில அம்சவேணி."

"கணக்கு எப்படித் தெரிஞ்சுது?"

தறியில் நெய்து சுருட்டியிருந்த சேலையைப் பிரித்துக் காட்டினாள். நாடா ஓடாமல் அடித்த இடமெல்லாம் ஊடை நூல் நெருங்கிக் கோடு விழுந்திருந்தது.

"பாருங்க. ஞாயித்துக்கெழமை மெலிசா இருக்குது. போகப் போகத் தடிக்குது. சனிக்கெழமை கயிறாட்டம் இருக்குது. அப்பால காதால எண்ணினேன். எந்த அடிக்கு எங்க போனீங்கன்னு நீங்க திரும்பி வந்தா தெரியாதா? ஒரு நாள் டீ வாசனை. ஒரு நாள் கால் பூரா ஆத்து மணல்."

ரகசியத்தை முகூர்த்தச் சேலையில் நெய்து வைத்தவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான். வெட்கமாக இருந்தது.

மறுநாள் தலைகுனிந்து கோடுகளைச் சரிசெய்துகொண்டிருந்தேன். சுவருக்கு அப்பால் பன்னிரண்டு அடி விழுந்தது. வெள்ளிக்கு ஆறு போனால் மிச்சம் ஆறு. எங்கள் கணக்கில் ஆறு கிடையாதே என்று விழித்தேன்.

தையல்நாயகி தாரை வைத்துவிட்டு எழுந்தாள்.

"நீங்க நெய்யுங்க. அது எனக்கு."