மச்சான் சொன்னபடி டிரைவர் பார்த்த கதை

காப்ரொவோ,
செவ்வாய்க்கிழமை.

பெருமதிப்பிற்குரிய மச்சான் மெத்தோடி அவர்களுக்கு,

மைத்துனன் பென்யோ பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவி மின்காவும் உடம்பளவில் நலம். அங்கே தங்கள் முழங்கால், தங்கள் திராட்சைக் கொடிகள், என் அக்கா தொன்காவின் கோபம் ஆகிய மூன்றில் முதல் இரண்டும் விரைவில் தேறிவர வேண்டிக்கொள்கிறேன். மூன்றாவது தேறாது என்று தெரியும். நான் போன் செய்தால் அக்கா "ஹலோ" என்கிறாள், என் மூச்சுச் சத்தத்திலேயே ஆளைக் கண்டுபிடித்துவிடுகிறாள், டொக்கென்று வைத்துவிடுகிறாள். அதனால்தான் இந்தத் தாளும் தபால்தலையும். கஞ்சத்தனத்துக்குப் பேர்போன காப்ரொவோக்காரன் ஒருவன் காசு கொடுத்துத் தபால்தலை வாங்கினான் என்றால் விஷயம் எவ்வளவு முற்றியிருக்கும் என்று தாங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

விஷயம் இதுதான். ஜெர்மனியில் வேலை பார்க்கிற எங்கள் மகள் ரலிட்சாவை அந்த ஜெர்மன் பையன் ஃபால்க்குக்குக் கட்டிக்கொடுக்க நான் மறுத்துவிட்டேன் என்று ஊரே பேசுகிறது. ரலிட்சாவும் அதையே நம்பிக்கொண்டு என் போனை எடுப்பதில்லை. நான் மறுக்கவில்லை மச்சான். மறுத்தது தாங்கள் சொன்ன டிரைவர். ஆகவே அவள் மதிக்கிற ஒரே மாமா என்ற முறையில் தாங்கள் அவளைக் கூப்பிட்டு, "உன் அப்பன் நிரபராதி, கல்யாணத்தை நிறுத்தாதே" என்று சொல்ல வேண்டும். அதற்கான சாட்சியம் பின்வருமாறு.

போன மாதம் ரலிட்சா கணினியில் பேசும்போது படம் அப்படியே உறைந்து நின்றது, ஞாபகம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் கேமரா வழியாகப் பெண் கேட்கப்போகிறார்கள், அன்றைக்கும் இப்படி உறைந்தால் மானம் போய்விடும் என்று தங்களிடம்தான் யோசனை கேட்டேன். தாங்களும் கொடி வெட்டிக்கொண்டே, "டிரைவர் எல்லாம் புதுசா இருக்கான்னு பாருடா பென்யோ"ன்னு சொன்னீங்க. டிரைவர்னா என்னன்னு கேட்டேன். "ஸ்பீக்கர், மைக், கீபோர்டு, ஒவ்வொண்ணுக்கும் கணினிக்கும் நடுவுல நிக்கிற தரகன்டா. அவன் சொன்னாத்தான் இது பேசும், அது கேக்கும்"னீங்க. சொல்லிட்டு, ஏணியில ஏறிட்டீங்க. அதோட உங்க பொறுப்பு முடிஞ்சுது. என் பொறுப்பு ஆரம்பிச்சுது.

சரி, பார்த்தேன். கணினிக்குள்ளே கருவிகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது. ஒவ்வொன்றாகத் தொட்டு, "ஐயா, இதற்குப் புது டிரைவர் உண்டா?" என்று கேட்டேன். அதுவும் கொஞ்சம் யோசிப்பது போலப் பாவனை செய்து, "இருப்பதிலேயே சிறந்த டிரைவர் ஏற்கெனவே இருக்கிறது" என்றது. ஸ்பீக்கரைக் கேட்டேன், அதே பதில். கீபோர்டைக் கேட்டேன், அதே பதில். அத்தோடு விட்டிருந்தால் நான் இந்நேரம் ஒரு மாமனார். ஆனால் நீங்களே சொல்லுங்க மச்சான், நம்ம நாட்டுல ஆபீஸ் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்கிறவன் முகத்தைக்கூடத் தூக்காம "எல்லாம் சரியா இருக்கு, போங்க"ன்னு சொன்னா என்ன அர்த்தம்? எதுவும் சரியா இல்லைன்னு அர்த்தம்! நகராட்சியில எங்கப்பாவுக்கு அப்படித்தான் சொன்னான், கடைசியில பாதித் தோட்டம் பக்கத்து வீட்டுக்காரன் பேர்ல இருந்துச்சு. அதனால இன்னொரு ஆளுகிட்டக் கேட்டுடலாம்னு இணையத்துல தேடினேன். டிரைவர் வைத்தியன்னு ஒரு மென்பொருள் இலவசமா வந்து மாட்டுச்சு. இலவசம்ங்கிற வார்த்தையைப் பார்த்ததும் எனக்குள்ள இருக்கிற காப்ரொவோக்காரன் எழுந்து நின்னுட்டான். தெருமுனையில கணினி பழுது பார்க்கிற பெண்பிள்ளை கைராசிக்காரிதான், ஆனா அவ இலவசம் இல்லையே.

அந்த வைத்தியன் உள்ளே போய்ச் சோதித்துவிட்டு, தனியார் மருத்துவமனை டாக்டர் மாதிரி மூஞ்சியை வைத்துக்கொண்டான். திரை முழுக்கச் சிவப்பு. "ஒலி: ஆபத்து. கீபோர்டு: மிகவும் ஆபத்து." கீபோர்டுல என்னய்யா ஆபத்து, கடிக்குமான்னு யோசிச்சேன். மின்கா வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன ஆச்சு?"

"எல்லா டிரைவரும் கிழடாம்."

"நீயுந்தான் கிழடு. உன்னை மாத்திட்டேனா? ஓடுறதை நோண்டாதேய்யா."

நோண்டினேன். "அனைத்தையும் புதுப்பி" என்று ஒரு பெரிய பச்சைப் பொத்தான் இருந்தது மச்சான். அவ்வளவு அழகான பொத்தானைப் பார்த்துவிட்டு அமுக்காமல் போகிற தவசி நான் இல்லை.

ஞாயிறு மதியம். மின்கா பாலாடைக்கட்டி வைத்த பனிட்சா ரொட்டி சுட்டு, மேசைமேல் கேமராவுக்குத் தெரிகிற கோணத்தில் வைத்தாள். நான் டை கட்டிக்கொண்டேன். பெண் கேட்கும்போது பெண் அங்கே இருக்கக் கூடாது என்று நான்தான் பிடிவாதம் பிடித்ததால், ரலிட்சா மருத்துவமனையில் டூட்டி போட்டுக்கொண்டு போய்விட்டாள். ஃபால்க்கின் போன் எண்ணும் அவளிடம் மட்டும்தான். திரை விரிந்தது. ஆகா, என்ன தெளிவு! நடுவில் ஃபால்க், ஒரு பக்கம் அவன் அம்மா, இன்னொரு பக்கம் அவன் அப்பா லோத்தார். லோத்தார் மீசையில் முடி முடியாகத் தெரிந்தது. அவர் வாயைத் திறந்தார். மீன் மாதிரித் திறந்தார், மூடினார். சத்தம் இல்லை. நான் பேசினேன், அவர்கள் காதைத் தொட்டுக் காட்டினார்கள். எழுத்தில் சொல்லலாம் என்று கீபோர்டைத் தட்டினேன், ஒரு எழுத்தும் விழவில்லை, அதுவும் புதுப்பிக்கப்பட்டிருந்தது. கடைசியில் அடிவயிற்றிலிருந்து "சம்மதம்!" என்று ஜெர்மனில் கத்தினேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. என் சம்மதம் நாய்வரைக்கும் போச்சு, ஜெர்மனிக்குத்தான் போகலை.

லோத்தார் கெட்டிக்காரர். எழுந்து போய்ப் பழைய காலண்டர் தாள் ஒன்றின் முதுகில் கொட்டை எழுத்தில் எழுதிக்கொண்டு வந்து பிடித்தார்: "உங்கள் மகளைத் தருகிறீர்களா?"

இங்கேதான் மச்சான், கவனமாகப் படிக்கணும். வாலிபத்தில் நான் ஜெர்மனியில் நூல் ஆலையில் வேலை பார்த்தது தங்களுக்குத் தெரியும். முதல் வாரம் கேன்டீனில் "சூப் வேணுமா?" என்று கேட்டபோதெல்லாம் நம் வழக்கப்படி தலையை இடமும் வலமும் ஆட்டி "ஆமாம்" சொல்லி, பட்டினி கிடந்தவன் நான். அவங்களுக்கு மேலும் கீழும் ஆட்டினாத்தான் "ஆமாம்", நமக்கு அப்படி ஆட்டினா "இல்லை"ன்னு அர்த்தம். அந்தப் பசி எனக்கு இன்னும் மறக்கலை. அதனால சம்பந்திகளுக்கு மரியாதையா, ஜெர்மன்காரன் மாதிரி தலையை மேலும் கீழும் ஆட்டினேன். பக்கத்துல மின்கா, எல்லையைத் தாண்டாத மகராசி, சந்தோஷத்துல நம்ம ஊர் வழக்கப்படி இடமும் வலமும் ஆட்டினா. திரையில மூணு பேர் மூஞ்சியும் தொங்கிடுச்சு. உடனே எனக்கு மூளையில பொறி தட்டிச்சு. ஆகா, பையன் நம்ம ஊர்த் தலையாட்டலைக் கத்துக்கிட்டு அப்பா அம்மாவுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கான்! சட்டுன்னு மாத்தி இடமும் வலமும் ஆட்டினேன். அதே நொடியில மின்காவும் மாத்திட்டா. "நீ ஜெர்மனி பார்த்தவனாச்சே, உனக்குத்தான் தெரியும்னு நினைச்சேன்"ங்கிறா பிற்பாடு. நான் மேலே போனா அவ பக்கத்துல போறா, நான் பக்கத்துல போனா அவ மேலே போறா. பனிட்சாவுக்குப் பின்னால ரெண்டு தலை பம்பரமா ஆடுது. ஃபால்க்கின் அம்மா கைக்குட்டையை எடுத்தாங்க. லோத்தார் டையைக் கழற்றினாரு. அந்தப் பையன் மட்டும் எங்களையே கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம் எழுந்து, நெஞ்சில கையை வெச்சு, மரியாதையாக் குனிஞ்சான். படம் போயிடுச்சு.

சாயங்காலம் ரலிட்சா கூப்பிட்டாள். "அம்மா சரிங்கும்போது நீங்க வேண்டாங்கறீங்களாம். அம்மா வேண்டாங்கும்போது நீங்க சரிங்கறீங்களாம். அவங்க முன்னாடியே சண்டை போட்டீங்களாமே! பிடிக்கலேன்னா என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமேப்பா." நான், "டிரைவர்..." என்று ஆரம்பித்தேன். வைத்துவிட்டாள். அதற்கப்புறம் எடுக்கவில்லை.

இதுதான் நடந்தது. இதில் என் குற்றம் பச்சைப் பொத்தான் அளவுதான், மீதிக் குற்றம் ஏணி ஏறியவருடையது. தாங்கள் தயவுசெய்து இன்றைக்கே அவளைக் கூப்பிட்டு, தங்கள் டிரைவர் செய்த வேலையை ஒப்புக்கொண்டு, என் மகளை எனக்கு மீட்டுத் தரவும். அக்காவுக்கு என் வணக்கம், அவள் கோபம் தணிந்தபின் கொடுக்கவும். தங்கள் கொடியில் குலைகள் நிறையட்டும், பீப்பாய் ஒழுகாமல் இருக்கட்டும், முழங்கால் மடங்கட்டும்.

தங்கள் அன்பு மைத்துனன்,
பென்யோ

பின்குறிப்பு: மேலே எழுதியதில் விலாசத்தைத் தவிர எதையும் நம்ப வேண்டாம். உறையில் போடும் முன் மின்கா வாங்கிப் படித்தாள். சிரிக்கவில்லை. "ஏய்யா, அந்த மனுசன் தாள்ல எழுதிக் காட்டினாரு. நீயும் ஒரு தாள்ல ஆமாம்னு எழுதிக் காட்டியிருக்கலாமே. அதுக்கு எந்த டிரைவர் புதுசா வேணும்?" என்று கேட்டாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். "கல்யாணம் ஆகாத வரைக்கும் பொண்ணு அங்க வேலைக்குப் போயிருக்கா. கல்யாணம் ஆயிட்டா, அங்கேயே தங்கிடுவா. அதானே?" என்றாள். தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் என்று அவள் கேட்கவில்லை. ஒரு தாளையும் பேனாவையும் என் முன்னால் தள்ளினாள். நல்ல பெரிய எழுத்தில் "யா" என்று, ஜெர்மன் ஆமாம், எழுதி நெஞ்சுக்கு நேரே பிடித்தேன். என்னை நம்பாமல் அவளே தன் போனில் படம் பிடித்து ரலிட்சாவுக்கு அனுப்பினாள். காபி ஆறுவதற்குள் பதில் படம் வந்துவிட்டது: ஃபால்க், அவன் அம்மா, லோத்தார், நடுவில் கண் சிவந்த எங்கள் ரலிட்சா. நாலு பேரும் வாய் கொள்ளாமல் சிரிக்கிறார்கள். ஆனால் ஒருத்தர் தலையும் இம்மி அசைந்துவிடக் கூடாது என்று, நாலு பேரும் இரண்டு கையாலும் தங்கள் தலையைத் தாங்களே கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.