நான் சொன்ன 'ஆமா'வும் காகுவின் இலிஷ் மீனும்

மெதுவாகப் பேசுகிறவரிடம் ஒரு தடவை 'என்ன?' என்று கேட்கலாம். இரண்டாம் தடவை கேட்டால் மரியாதைக் குறைவு. மூன்றாம் தடவை கேட்டால் நமக்குக் காது போச்சு என்று ஊரே பேசும். இந்த வம்பே வேண்டாமென்று நான் ஒரு தடவைகூடக் கேட்க மாட்டேன். பல்லைக் காட்டி, தலையை ஆட்டி, "ஆமா, ஆமா!" அவ்வளவுதான். (மேதை என்று நினைப்பு!)

அப்பாவுக்குக் கொல்கத்தாவுக்கு மாற்றலாகி, டாலிகஞ்சில் அலையாய் அலைந்து பிடித்த வீடு. மாடியில் வீட்டுக்காரர் ஷோமு காகு. (காகு என்றால் சித்தப்பா. இங்கே அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் எல்லாரும் காகுதான்.) தங்கமான மனுஷன். ஆனால் அவர் பேசுவது அவர் மீசைக்கு மட்டும்தான் கேட்கும். வீடு கொடுக்கும்போது அவர் போட்ட ஒரே நிபந்தனை, நாய் வளர்க்கக் கூடாது.

ஒருநாள் காலை, சால்ட் லேக் ஆபீசுக்குப் போக வாசலில் காருக்காகக் காத்திருந்தேன். காகு சந்தையிலிருந்து வந்து, பையைப் படியில் வைத்துவிட்டு கேட்டைத் திறந்தார். அந்த நொடியில் ஒரு தெருநாய் பையிலிருந்த இலிஷ் மீனைக் கவ்விக்கொண்டு நேராக எங்கள் வராந்தாவில் போய்ப் படுத்தது. நானா? போனில் மூழ்கியிருந்தேன்.

காகு என் பக்கம் வந்து ஏதோ முணுமுணுத்தார். என் காதில் விழுந்தது 'கார்' மட்டும்.

ஓ, ஆபீஸ் கார் வருமா என்று கேட்கிறார்!

"ஆமா, ஆமா காகு!"

அவர் முகம் வெளுத்தது. மறுபடி கேட்டார். நான் இன்னும் பலமாகத் தலையாட்டினேன். "ஆமா, ஆமா!"

சாயங்காலம் வீட்டுக்குள் காலை வைத்ததும் அம்மா பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, அவர்ட்ட என்னத்தச் சொல்லித் தொலச்ச? வீட்டக் காலி பண்ணச் சொல்லிட்டாரு!"

"கார் வருமான்னு கேட்டாரு, ஆமான்னேன்!"

அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "கிழிஞ்சுது போ. 'ஏட்டா கார் குகுர்?'னு கேட்டிருக்காரு. இது யார் நாய்னு அர்த்தம். பெங்காலில 'ஆமார்'னா என்னோடதுன்னு அர்த்தம். நீ பெருமையா ரெண்டு ரெண்டு தடவ சொல்லிருக்க!"

(கொடுமை என்னவென்றால், அந்த நாய் அப்போதும் எங்கள் மிதியடியில்தான் ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தது.)

மூவரும் மாடி ஏறினோம். நான் காகுவுக்கு வெகு பக்கத்தில் உட்கார்ந்து, தமிழ் 'ஆமா'வை எனக்குத் தெரிந்த அரைகுறை வங்காளத்தில் விளக்கினேன். பிறகு காகு சிரித்தார் பாருங்கள், அந்த மனுஷனிடம் அவ்வளவு சத்தம் இருக்கும் என்று யாருக்குமே தெரியாது! எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

சிரித்து முடித்து ஏதோ முணுமுணுத்தார். 'ஆமா' நுனிநாக்கு வரை வந்துவிட்டது. கடித்து விழுங்கினேன்.

"காகு, சரியாக் கேக்கல. ஆரேக் பார் போலுன்."

இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கேட்டதில் அவருக்குக் கோபமே இல்லை. சந்தோஷமாக, கொஞ்சம் உரக்கவே திருப்பிச் சொன்னார்: "வீட்டில் இருங்கள். ஆனால் தெருவே கேட்க உன்னுடையது என்று சொல்லிவிட்டாய். இனி அதற்குச் சோறு போடுவது நீதான்."

நாய்க்குப் பெயர் வைத்ததும் காகுதான்: ஆமா.

அதன்பிறகு எங்கள் வீட்டில் யாரும் எதற்கும் ஒப்புக்கொள்ள முடிவதில்லை. அப்பா போனில் மேலதிகாரியிடம் "ஆமா சார்" என்றால் போதும், நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு மடியில் ஏறிவிடுகிறது.