செவலைக்கு ஒரு சாய்வுப் பலகை

இனி வேலையில்லாத ஆஃப் நாளில் வீட்டில் ஒரு துரும்பைக்கூட நகர்த்துவதில்லை என்று அய்யாசாமி சபதம் எடுத்திருந்தான். வாரம் பூராவும் மைன்ஸ் பள்ளத்தில் புழுதி குடிக்கிறவனுக்கு ஆஃப் நாளில் கூட வேலை பார்க்கும் மருதாசலத்தின் குவார்ட்டர்ஸில் சீட்டாட்டம். காலையில் போனால் விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவான்.

அந்தச் சபதத்தை உடைத்தது ஒரு நாய்க்கால்.

அன்று அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, அவன் மனைவி புஷ்பவல்லி வீட்டு நாய் செவலையின் பின்னங்காலில் மஞ்சள் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னட்டி ஆச்சு?"

"அது நடக்கதைப் பாருங்க."

பார்த்தான். செவலை மூன்று காலில் நொண்டியபடி வந்து, வாசற்படிக்குக் கீழே நின்று, மேலே ஏறாமல் அவனையே பார்த்தது.

"படி ஏற மாட்டேங்கு. மழை பெய்தா எங்க கிடக்கும்?"

"தூக்கி உள்ள விடு."

"விடலாம். நைட் ஷிப்ட் முடிஞ்சு நீங்க தூங்கும்போது அது வெளிய இறங்கிட்டு, திரும்ப ஏற முடியாம கீழே நின்னு குரைக்கும். பரவாயில்லையா?"

அய்யாசாமி சட்டையைக் கழற்றினான். "ஒரு பலகையைச் சாய்ச்சுப் போட்டா தீர்ந்துது. அரைமணி வேலை."

மைன்ஸுக்கு மெஷின் வந்த பெட்டியைப் பிரித்த பலகை ஒன்று கொல்லையில் கிடந்தது. அதை எடுத்துப் படியில் சாய்த்தான். தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தான்.

"சரிவு ஜாஸ்தி."

"அப்படியா?"

"மைன்ஸ்ல இப்படி விட்டா மண்ணு பூரா கீழே வந்துரும்."

"ஏறப்போறது நாயிங்க. லாரி இல்ல."

"நாய்னா? சரிவு சரிவுதான்."

"அப்போ நீளப் பலகை தேடணும்லா?" என்றாள் புஷ்பவல்லி, தலையைக் குனிந்துகொண்டு.

அந்த ஆஃப் போயிற்று. அடுத்த ஆஃபில் நீளப் பலகை வந்தது. செவலை அதில் ஏறிய வேகத்திலேயே வழுக்கி இறங்கியது.

"செங்கல் வச்சுக் கட்டிட்டா?"

"இது நம்ம சொந்த வீடா? கம்பெனிக்காரன் வந்து பார்த்தான்னா இடிக்கச் சொல்லுவான்."

"ஆமா. நல்லா யோசிச்சே செய்யுங்க. அவசரம் இல்ல."

அவன் யோசித்தான். யோசிக்கிறவன் வீட்டில்தானே உட்கார வேண்டும்? அப்போதுதான் தன் வீட்டின் பகலை அவன் முதன்முதலாகப் பார்த்தான். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் தெருவே காலியானது. ஒரே மாதிரி வீடுகள், ஒரே மாதிரி கதவுகள், எல்லாம் சாத்தியிருந்தன. எங்கோ தொலைவில் மெஷின் முனகிக்கொண்டே இருந்தது. புஷ்பவல்லி அரிசி களையும்போது நாயிடம் பேசினாள். துணி உலர்த்தும்போதும் நாயிடமே பேசினாள். ஊரிலிருந்து அவள் அக்கா எழுதிய செய்தி, புளியின் விலை, தலைவலி எல்லாம் அதற்குத்தான் தெரிந்திருந்தது.

மத்தியானச் சங்கு ஊதியது. அவள் பழக்கத்தில் ஒரு தட்டை எடுத்து வைத்தாள். அவன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு இன்னொரு தட்டையும் எடுத்தாள்.

அய்யாசாமி தன் தட்டை அவள் தட்டுக்குப் பக்கத்தில் நகர்த்தினான். "உங்க அக்கா என்ன எழுதியிருக்கா?" என்று கேட்டான். சாப்பிட்டுக் கை காய்ந்த பிறகும் அவள் சொல்லி முடிக்கவில்லை.

அதற்கடுத்த ஆஃபில் அவன் மூளை பளிச்சிட்டது. மைன்ஸில் தேய்ந்துபோனதென்று கழித்த ரப்பர் கன்வேயர் பெல்ட்டில் ஒரு துண்டு! ஃபோர்மேனிடம் கெஞ்சி, கேட் பாஸ் வாங்கிக் கொண்டுவந்திருந்தான். அதை நீளப் பலகையின் மேல் ஆணியடித்தான். புஷ்பவல்லி ஆணி எடுத்துக் கொடுத்தாள். அவன் விரலில் அடித்துக்கொண்டபோது ஊதிவிட்டாள். மாலைக்குள் வேலை முடிந்தது. ஒட்டகம்கூட வழுக்காமல் ஏறலாம்.

"நாளைக்கு ஏறட்டும். இன்னிக்கு அது ஓய்வெடுக்கட்டும்" என்றாள் அவள்.

அய்யாசாமி பெருமையோடு பலகையைத் தடவிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு அம்சவல்லி மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"இன்னாங்க இது! உங்க நாயி எங்க வூட்டு மதிலத் தாண்டிக் குதிச்சி கோழியத் தொரத்திகினு ஓடுதுங்க!"

"எங்க நாயா? அதுக்குக் கால் இல்லையே!"

"நாலு காலும் நல்லாத்தான் கீது. தெனம் நீங்க ஷிப்ட்டுக்குப் போனதும் வருதே!"

அவள் சொல்லி வாயை மூடுவதற்குள் செவலை மதிலைத் தாண்டி வந்தது. சாய்வுப் பலகையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. படிகளை ஒரே தாவலில் தாண்டி வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. அவிழ்ந்த மஞ்சள் துணி பின்னால் வாலாக இழுபட்டது.

அய்யாசாமி மனைவியைப் பார்த்தான்.

"கால்ல அடின்னு நான் சொன்னேனா?" என்றாள் புஷ்பவல்லி. "துணி கட்டினா அது நொண்டும். அவ்வளவுதான்."

"பின்ன எதுக்கு இந்தப் பாடு?"

புஷ்பவல்லி குனிந்து, தரையில் சிந்திய ஆணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

அடுத்த ஆஃப் நாளில் வாசலில் சைக்கிள் மணி அடித்தது. மருதாசலம். "அய்யாசாமி! சீட்டு கலைச்சாச்சு, வர்றியா?"

அய்யாசாமி சட்டையை எடுத்தான். உள்ளே புஷ்பவல்லி ஒரு தட்டை எடுத்துத் துடைக்கும் சத்தம் கேட்டது. காலடியில் செவலை, கேட்காமலேயே, முன்னங்காலை நீட்டிக் காட்டியது.

அவன் சட்டையை ஆணியில் மாட்டிவிட்டுக் குரல் கொடுத்தான்.

"நீங்க ஆடுங்கப்பா. நாய்க்கு இன்னொரு காலும் போயிருச்சு."