வாணத்துக்குத் தனிப் படகு

அச்சங்குளத்துச் செல்லச்சாமியும் பொன்னுத்தங்கமும் படகு வாங்கியது விருதுநகர் மாவட்டத்துக்கே தலைகுனிவு என்று ஊரில் நாலு பேர் சொன்னார்கள். கரிசக்காட்டை விற்று யாராவது கடலில் போய்க் குடியிருப்பார்களா? ஆனால் அந்த இரண்டு பேரும் பட்டாசுக் கம்பெனியில் ஆயுசெல்லாம் கந்தகத்தை மோந்தவர்கள். அதுவும் அவர் ஒரு கொட்டகை, அவள் ஒரு கொட்டகை. ஒரு கொட்டகைக்கு நாலு ஆள்தான் என்பது சட்டம். அந்த நாலில் புருசன் பெண்டாட்டி ஒண்ணாக அமைந்ததே இல்லை.

“மிச்சக் காலமாவது ஒரே கூரைக்குக் கீழ இருக்கணும்” என்று பொன்னுத்தங்கம் ஒரே பிடியாக நின்றாள். அதற்குத்தான் படகு.

வேம்பாற்றில் பழைய வள்ளம் ஒன்றை வாங்கி, தகரக் கூரை போட்டு, இன்ஜின் மாட்டி, மூக்கையூர், வாலிநோக்கம், கீழக்கரை என்று கரையோரமாகவே போய்வந்தார்கள். அவள் சீலா மீன் குழம்பு வைப்பாள். அவர் சுக்கானைப் பிடித்துக்கொண்டே தட்டை நீட்டுவார். அப்படி ஒரு சந்தோசம்! அரசாங்கத்துக்குத் தெரியாமல் ஒரு சந்தோசம் எத்தனை காலத்துக்குத்தான் தாங்கும்?

ஒருநாள் கரையில் வைத்துப் படகைச் சோதித்த அலுவலர் சொன்னார்: “கடலில் தங்குகிற படகில் ஆபத்துக்கு அடையாளமாகச் சிவப்பு வாணம் இருக்க வேண்டும். இல்லையேல் படகு பறிமுதல்.”

பொன்னுத்தங்கத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “வாணமா? சார், நாங்க எந்த ஊருன்னு தெரியுமா?”

“எந்த ஊராக இருந்தாலும் வாணம் வைக்க வெடிபொருள் உரிமம் வேண்டும்.”

வேறு ஊர்க்காரர்களாக இருந்தால் நாலு வாணத்தை வாங்கிப் பலகைக்கு அடியில் சொருகிவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். இவர்கள் விதியை மீறினால் வெடித்துக் கொட்டகைக் கூரையே பறந்துவிடும் என்பதைக் கண்ணால் கண்டு வளர்ந்தவர்கள். பஸ் பிடித்து உரிம அலுவலர் லட்சுமிகாந்தத்தின் முன்னால் போய் நின்றார்கள். அவர் சட்டத்தைத் தவிர வேறெதையும் தொட்டறியாத உத்தமர்.

“குடியிருப்புக்கும் வெடிபொருளுக்கும் நடுவே நாற்பத்தைந்து மீட்டர் இடைவெளி வேண்டும்” என்றார்.

“படகே அம்புட்டு நீளம் இல்லையே சார்” என்றாள் பொன்னுத்தங்கம்.

“அது படகின் குறைபாடு. வாணத்துக்குத் தனிப் படகு வாங்கி, கயிற்றில் கட்டி இழுத்துப் போங்கள். அதில் மணல் வாளியும் தண்ணீர்த் தொட்டியும் இருக்க வேண்டும்.”

“சுத்திலும் கடல்தானே கிடக்கு, தண்ணிக்கு என்ன பஞ்சம்?”

“கடலில் சிவப்புப் பெயின்ட் அடித்துத் ‘தீ’ என்று எழுதியிருக்கிறதா அம்மா?”

எழுதியிருக்கவில்லை என்பதை அவள் ஒப்புக்கொண்டாள்.

“அப்புறம், அனுபவமுள்ள போர்மேன் ஒருவர் வாணத்தோடேயே இருக்க வேண்டும்.”

பொன்னுத்தங்கம் மெல்லத் திரும்பிப் புருசனைப் பார்த்தாள். அந்தக் கடலில் அனுபவமுள்ள போர்மேன் அவர் ஒருத்தர்தான்.

அன்றிலிருந்து முன் படகில் அவள், பின் படகில் அவர், நடுவே கயிறு. சோறு தூக்குவாளியில் கயிறு வழியே போனது.

“ஏங்க, உப்பு போதுமா?” என்று கத்துவாள்.

“பாதிக் கடலே உள்ள வந்துருச்சு, போதும் புள்ள!” என்று அவர் கத்துவார்.

அவள் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைப்பாள். இதைப் பார்த்த கீழக்கரைப் பணக்காரர் ஒருவர், இதுதான் இப்போதைய நாகரிகம் போலிருக்கிறது என்று தன் படகுக்குப் பின்னாலும் ஒரு காலிப் படகைக் கட்டிக்கொண்டார்.

ஒரே படகில் இருக்க அனுமதி கேட்டுப் பொன்னுத்தங்கம் மனு மேல் மனுப் போட்டாள். இடைவெளி முறையாக இருக்கிறதா என்று நேரில் பார்க்க லட்சுமிகாந்தம் ஒருநாள் முன் படகில் ஏறினார். வெடிபொருள் பக்கம் செல்போன் கூடாது என்பதால் எல்லார் செல்போனையும் வாங்கி ஜீப்பிலேயே வைத்துவிட்டார். கரை மறைகிற தூரம் போனதும் இன்ஜின் இரண்டு தடவை இருமியது, நின்றுவிட்டது. காற்று படகைத் தெற்கே தள்ளியது.

லட்சுமிகாந்தம் வெயிலில் வெந்தார். வாந்தியும் எடுத்தார். “வாணத்தைக் கொளுத்தச் சொல்லுங்கம்மா!”

“வைக்கத்தானே சார் உரிமம் குடுத்தீக? கொளுத்த எங்க குடுத்தீக?”

அவர் யோசித்தார். நியாயமாகத்தான் பட்டது. “கொளுத்த அனுமதி கேட்டு மனுக் கொடுங்கள்.”

கொடுத்தாள். படித்துப் பார்த்தவர் முகம் வாடிப்போனது. “இதை வாங்க வேண்டிய அதிகாரி தலைமையிடத்தில் இல்லையே!”

“அவரு எங்க போயிருக்காரு?”

“கடலில் மிதந்துகொண்டிருக்கிறார்” என்று அவர் அழாத குறையாகச் சொன்னார்.

பின் படகிலிருந்து செல்லச்சாமி, “கொளுத்தவா, வேண்டாமா?” என்று கத்தினார்.

“வேண்டாம்! அவரு ஊர்ல இல்லையாம்!”

பாவம், மனுசன் துவண்டு கிடக்கிறாரே என்று அவளுக்கே இரக்கம் வந்தது. பெட்டியைத் திறந்து, தன் முகூர்த்தச் சேலையை எடுத்து மூங்கிலில் கட்டி ஆட்டினாள். நல்ல ரத்தச் சிவப்பு. கொஞ்ச நேரத்தில் மூக்கையூர்ப் படகு ஒன்று வந்து இழுத்துப்போனது.

லட்சுமிகாந்தம் கரையில் கால் வைத்ததும் உத்தரவு எழுதினார்: ‘சிவப்புச் சேலையே போதுமானது. வாணம் தேவையில்லை. இரண்டாம் படகு ரத்து.’

அன்று சாயங்காலம் செல்லச்சாமி பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்து கடல் கலக்காத குழம்பு சாப்பிட்டார். “கை மணக்குது புள்ள” என்றார். பொன்னுத்தங்கத்துக்கு உலகத்தையே ஜெயித்த மாதிரி இருந்தது.

மறுமாதமே அடுத்த உத்தரவு வந்தது. சிவப்புச் சேலை ஆபத்து அறிவிப்புச் சாதனமாகிவிட்டதால், வைத்திருப்போர் அனைவரும் உரிமம் பெற வேண்டும். ஆபத்து இல்லாத நேரத்தில் உடுத்தக் கூடாது.

மாவட்டமே கொதித்திருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை. மாவட்டமே வரிசையில் நின்றது. கல்யாண வீடுகளில் உரிம எண்ணைப் பத்திரிகையில் அச்சடிப்பது நாகரிகமாகி, சிவகாசி அச்சகங்களுக்கு ஆர்டர் குவிந்தது. வரிசையில் முதல் ஆள், கடலிலிருந்து கிளம்பிவந்த பொன்னுத்தங்கம்தான்.

“நீயே இப்படி வந்து நிக்கலாமா மயினி?” என்று பின்னால் நின்ற அச்சங்குளத்து மாரித்தாய் கேட்டாள்.

“கூரை பறந்துரக் கூடாதுல்ல!” என்றாள் அவள், சேலையை மார்போடு அணைத்துக்கொண்டு.

சிரிக்கிறவர்கள் சிரியுங்கள். அதற்கு முன்னால் உங்கள் வீட்டு பீரோவை ஒருதடவை திறந்து பார்த்துவிடுங்கள். வரிசை இப்போதே பஸ் ஸ்டாண்டைத் தாண்டிவிட்டது.